அம்மாவின் பித்தப்பை இடப்பக்கம் இருந்தது: கொழும்பின் சத்திரசிகிச்சை நிபுணர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய வைத்தியர்களுக்கு,

நான் கொட்டாஞ்சேனையில் உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கும் ஆசிரியை. ஈரலை எத்தனையோ தடவை கரும்பலகையில் வரைந்திருக்கிறேன். வலது மடலின் அடியில் பித்தப்பை, அதிலிருந்து ஒரு குழாய், அது ஈரலிலிருந்து வரும் குழாயோடு சேர்ந்து முன்சிறுகுடலுக்கு. என் அம்மாவின் வயிற்றில் அந்தப் படம் இருக்கவில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன் பித்தக்கல்லுக்காக அம்மாவுக்குக் கமரா விட்டு ஒப்பரேஷன் செய்தார்கள். நோ வலப்பக்கத்தில்தான் இருந்தது. ஸ்கேனிலும் கல் மட்டுமே தெரிந்தது. உள்ளே பார்த்தபோது பித்தப்பை, ஈரலை முன்பக்கம் பிரிக்கும் மடிப்புக்கு இடப்பக்கமாக ஒட்டியிருந்திருக்கிறது. மறுநாள் வார்ட்டுக்கு வந்த வைத்தியர், அதனால்தான் நேரம் எடுத்தது என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் அவசரப்படாததால்தான் அம்மா நல்லபடி வீடு வந்தார். அந்த நன்றி எனக்கு என்றும் இருக்கும்.

ஆனால் கையில் தந்த டயக்னோசிஸ் கார்ட்டில் அதைப்பற்றி ஒரு சொல் இல்லை. பித்தப்பை அகற்றப்பட்டது, திகதி, மருந்துகள், அவ்வளவுதான். இந்த வருஷம் மாசியில் அம்மாவுக்குக் கண் மஞ்சளானது. பொதுப் பித்தக்குழாயில் கல் என்றார்கள், வேறொரு வைத்தியசாலையில். முந்திய ஒப்பரேஷனில் வித்தியாசமாக ஏதும் இருந்ததா என்று கேட்டார்கள். சொன்னேன். கார்ட்டைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள். பழைய குறிப்பைத் தேடி மூன்று நாள் அலைந்தேன். ஒப்பரேஷன் செய்தவர் மாற்றலாகிப் போயிருந்தார்.

அப்போதுதான் தேடித் தேடிப் படித்தேன். பை இடம் மாறினாலும் நரம்பு இடம் மாறுவதில்லை, அதனால் நோ பெரும்பாலும் வலப்பக்கமே வரும், முன்கூட்டிப் பிடிபடுவதும் குறைவு. அதோடு நிற்பதில்லை. இப்படிப்பட்டவர்களில் பலருக்கு குடலிலிருந்து ஈரலுக்கு இரத்தம் கொண்டுவரும் ஈரல் வாயினாளத்தின் கிளைகளும் பித்தக்குழாய்களும் வேறு வழியில் ஓடுகின்றன. பை போன பிறகும் அந்த வழிகள் உள்ளேயே இருக்கின்றன. அடுத்து அங்கே கை வைப்பவருக்கு இது தெரிந்திருக்க வேண்டாமா?

ஏறக்குறைய 4,000 பேரில் ஒருவருக்கு இரட்டைப் பித்தப்பை இருக்கிறதாம். ஒன்றை எடுத்து மற்றது தெரியாமல் நின்றுவிட்டால் நோவும் திரும்பி வரும். சிலர் பித்தப்பையே இல்லாமல் பிறக்கிறார்கள். ஸ்கேன் அதைச் சுருங்கிய பை என்று காட்டலாம், இல்லாததைத் தேடித் தோண்டும்போது குழாய் அறுபடலாம். என்னை அதிகம் பயமுறுத்தியது வலது ஈரல் நாடி. சிலருக்கு அது திமில்போல வளைந்து பித்தப்பையை ஒட்டி நிற்கும். பித்தப்பை நாடி என்று நினைத்து அதற்குக் கிளிப் போட்டால் ஈரலின் வலப்பாதிக்கு இரத்தம் குறைந்துவிடும். பித்தப்பைக்குள் போவன ஒரு குழாயும் ஒரு நாடியுமாக இரண்டே இரண்டு என்று கண்ணால் காணும்வரை எதையும் வெட்டக்கூடாது என்று 1995 இல் சத்திரசிகிச்சை நிபுணர் ஸ்ட்ராஸ்பெர்க்கின் குழுவினர் எழுதியது உங்களுக்குத் தெரிந்ததுதான். நான் கேட்பது, அப்படிப் பார்த்ததை எழுதியும் வையுங்கள் என்பதை.

வார்ட்டில் உங்களுக்கு மூச்சுவிட நேரமில்லை என்பதை என் கண்ணால் பார்த்தேன். சரி, ஒரு வரி போதும். 'பித்தப்பை இடப்பக்கம் இருந்தது, அடுத்த சிகிச்சைக்கு முன் குழாய்களைப் படம் எடுத்துப் பார்க்கவும்' என்று ஆங்கிலத்தில் உங்களுக்காகவும், தமிழிலோ சிங்களத்திலோ நோயாளிக்காகவும். கமரா எப்படியும் உள்ளே போகிறது, ஒரு படத்தைச் சேமித்து ஃபைலில் வையுங்கள். இன்னொன்று, ஆசிரியை என்பதால் கேட்கிறேன். 1870 முதல் வைத்தியர்களை உருவாக்கும் நகரம் இது. தியேட்டரில் நீங்கள் காணும் இந்த வித்தியாசங்கள், பெயர் விவரம் இல்லாமல், உடற்கூற்றியல் வகுப்புக்குப் போய்ச் சேரட்டும். படத்தில் உள்ள ஈரல் மட்டுமே ஈரல் என்று நம்பி ஒரு பிள்ளை கத்தி எடுக்கக்கூடாது.

அம்மாவின் ஈரலை நானே ஒரு தாளில் வரைந்து, பை ஒட்டியிருந்த இடத்தைச் சிவப்பால் குறித்து, தமிழில் விளக்கம் எழுதி அவருடைய பேர்ஸுக்குள் வைத்திருக்கிறேன். ஆனால் ஒரு மகள் வரைந்த படத்தை எந்த வைத்தியர் நம்பி வேலை செய்வார்? அடுத்த கிளினிக்குக்கு அந்தத் தாளைக் கொண்டு வருவேன். சரிபார்த்து, கீழே கையெழுத்துப் போட்டுத் தாருங்கள்.

இப்படிக்கு,
கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு மகள்