கம்பிக்குள் எலக்ட்ரானைத் தடுப்பது எது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த வார அறிவியல் பக்கத்தில், கிணற்று மோட்டார்கள் சூடாவதைப் பற்றிய கட்டுரை பயனுள்ளதாக இருந்தது. ஆனால், எலக்ட்ரான்கள் வரிசையாக நிற்கும் தாமிர அணுக்களில் மோதுவதால்தான் மின்தடை உண்டாகிறது என்று அதில் கண்டது சரியன்று. 1900-இல் ஜெர்மானிய இயற்பியலாளர் பால் டிரூட் வகுத்த இவ்விளக்கம் அந்நாளில் பெரிய சாதனையே எனினும், அணு அளவிலான துகள்களை அலைகளாகவும் காணும் குவாண்டம் கொள்கை வந்தபின் நிலைக்கவில்லை.

1928-இல் லைப்சிக் நகரில் குவாண்டம் இயற்பியலாளர் ஹைசன்பர்க்கின் மாணவராக இருந்த பெலிக்ஸ் பிளாக், எலக்ட்ரானைத் தடுப்பது எது என்ற சிக்கலைத் தம் முனைவர் பட்ட ஆய்வில் தீர்த்து வைத்தார். எலக்ட்ரான் அலையாகப் பரவுவதால், அணுக்கள் பிசகின்றி ஒரே ஒழுங்கில் அடுக்கப்பட்ட படிகத்துக்குள் ஒவ்வோர் அணுவும் சிதறடிக்கும் சிற்றலைகள் ஒன்றோடொன்று இசைந்து சேர, அந்த அலை தடையின்றிக் கடந்துவிடும் என்பது அவர் கண்ட முடிவு. வெப்பத்தால் அணுக்கள் அதிர்வது, அயல் அணுக்கள் கலந்திருப்பது, அடுக்கில் பழுது விழுவது ஆகியவற்றால் அவ்வொழுங்கு குலையும்போதுதான் தடை பிறக்கிறது. தாமிரத்தில் அணுக்களுக்கு இடையே 0.26 நானோமீட்டர்தான், அறை வெப்பநிலையில் எலக்ட்ரானோ சிதறாமல் சராசரியாக 40 நானோமீட்டர், அதாவது ஏறத்தாழ 150 அணுக்களைத் தாண்டிச் செல்கிறது. மோதல் விளக்கத்தால் இதற்குப் பதில் சொல்ல இயலாது.

கோவையில் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவர்கள் இதன் விளைவை அன்றாடம் காண்கிறார்கள். 30 டிகிரியில் அளந்த காயிலின் தடை, 100 டிகிரிக்குச் சூடேறியதும் ஏறத்தாழக் கால் பங்கு கூடிவிடும். அதே அணுக்கள்தாம்; அதிர்வு மிகுந்துவிட்டது. மிகத் தூய தாமிரத்தை மைனஸ் 269 டிகிரிக்குக் குளிர்வித்தாலோ, தடை அறை வெப்பநிலையில் இருந்ததில் நூற்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடுகிறது.

இஸ்திரிப் பெட்டியிலுள்ள நிக்ரோம் (நிக்கல்-குரோமியக் கலவை) கம்பியை நான் இன்னும் வலுவான சான்றாகக் கருதுகிறேன். நிக்கலும் குரோமியமும் தனித்தனியே ஓரளவு நன்றாகக் கடத்துபவை. இரண்டையும் கலந்ததும் தடை குரோமியத்தினுடையதைப் போல் 8 மடங்குக்கு மேலும், நிக்கலினுடையதைப் போல் சுமார் 15 மடங்காகவும் உயர்கிறது. அணுக்களில் மோதுவது மட்டுமே காரணமாயின், கலவையின் தடை இரண்டுக்கும் நடுவிலன்றோ இருக்க வேண்டும்? எந்த இடத்தில் எந்த அணு என்ற ஒழுங்கு கலவையில் இல்லாமற்போவதே உண்மைக் காரணம்.

பிளாக்கின் கொள்கையிலிருந்தே ஆற்றல் பட்டைகளும் (படிகத்தில் எலக்ட்ரான்கள் பெறக்கூடிய ஆற்றல் நெடுக்கங்கள்) அவற்றுக்கிடையே எலக்ட்ரான்கள் இருக்க முடியாத ஆற்றல் இடைவெளியும் என்ற கருத்துகள் கிளைத்தன. இந்த இடைவெளியைத் தாண்டச் செய்யும் ஆற்றல் ஒளிக்கு இருந்தால்தான் எலக்ட்ரான் அதை உறிஞ்சும். நம் காங்கயம் வட்டாரத்தில் கிடைக்கும் கொரண்டம் என்ற கனிமம் தூய நிலையில் ஒளியைத் தடையின்றி விடுவதும், சூரியத் தகட்டின் சிலிக்கான் ஒளியை உறிஞ்சி மின்சாரம் தருவதும் அந்த இடைவெளியின் அளவு வேறுபாட்டால்தான்: முன்னதில் சுமார் 9 எலக்ட்ரான் வோல்ட் (அணு அளவில் ஆற்றலை அளக்கும் அலகு), பின்னதில் 1.1.

தொழிற்கூடங்கள் நிறைந்த இப்பகுதியில் உங்கள் அறிவியல் பக்கத்தைப் படிக்கும் பாலிடெக்னிக், பொறியியல் மாணவர்கள் மிகப் பலர். அவர்களுக்காகப் பட்டைக் கொள்கையைப் படங்களுடன் விளக்கும் தனிக் கட்டுரை ஒன்றை விரைவில் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்,
பீளமேடு, கோவை.