குமாருக்கு, கரண்ட் பில் விஷயமாக

அன்புள்ள குமார்,

பொங்கலுக்கு நீ போட்ட வாழ்த்துக்கே நான் இன்னும் பதில் எழுதவில்லை, கோபித்துக்கொள்ளாதே. வீட்டில் எல்லாரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி போவதும் வருவதுமாக இருக்கிறது. செல்வம் இந்த வருஷமும் வேலையை விடப்போகிறேன் என்று அறிவித்துவிட்டான், நீ வந்தால் விருந்து என்றும் சொன்னான், நம்பிவிடாதே.

இப்போது எழுத உட்கார்ந்த காரணம் வேறு. எங்கள் மாடியில் கடைசி வீட்டு அக்காவை ஞாபகம் இருக்கிறதா, உனக்குப் புளிச்சோறு கட்டிக் கொடுத்தாரே, அவர்தான். போன வாரம் வேலை முடிந்து லேட்டாக வந்தேன். வீட்டு விளக்கை அணைத்துவிட்டு, வாசலில் நாற்காலி போட்டு, காரிடார் விளக்கு வெளிச்சத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். கழுத்தெல்லாம் வியர்வை. பேரங்காடி விளம்பரத் தாளை நாலாக மடித்து விசிறிக்கொண்டிருந்தார். உள்ளே காற்றாடி ஓடவில்லை. என்ன அக்கா, கரண்ட் இல்லையா என்று கேட்டால், "கரிம வரி 45 வெள்ளி ஆயிடுச்சாமே தம்பி, மாசா மாசம் 45 வெள்ளிக்கு நான் எங்க போவேன்?" என்கிறார்.

எனக்கு அப்படியே வயிற்றைப் பிசைந்தது. நம் சிங்கப்பூரில் கரிம வரி 45 வெள்ளி, அதாவது 45 சிங்கப்பூர் டாலர், என்பது வெளியிடும் ஒவ்வொரு டன் கரியமில வாயுவுக்கு. அதைக் கட்டுவது மின் நிலையமும் ஜூரோங் தீவு ஆலைகளும், அதாவது வருஷத்துக்கு 25,000 டன்னுக்குக் குறையாமல் வெளியிடும் இடங்கள். அக்காவுக்கு இதை யாரும் உட்கார வைத்துச் சொல்லவில்லை. கீழே கோப்பிக்கடையில் யாரோ சொன்னதைக் கேட்டுவிட்டு ராத்திரி காற்றாடியை நிறுத்திவிட்டார்.

நான் காகிதத்தை எடுத்து அவர் எதிரிலேயே கணக்குப் போட்டேன். நம் மின்சாரத்தில் ஏறக்குறைய 95 விழுக்காடு இயற்கை எரிவாயுவில் வருகிறது. ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.4 கிலோ கரியமில வாயு. டன்னுக்கு 45 வெள்ளி என்றால் யூனிட்டுக்கு இரண்டு காசுக்கும் குறைவு. ஏர்கான் இல்லாத வீடு, தனியாள், மாதம் 150 யூனிட் என்று வைத்துக்கொண்டாலும் மூன்று வெள்ளியைத் தாண்டாது. காற்றாடி ராத்திரி முழுக்க ஓடினால் அரை யூனிட்கூட ஆகாது, அதில் இந்த வரி ஒரு காசுக்கும் கீழே. அந்த ஒரு காசுக்காக மனுஷி வெக்கையில் கிடந்திருக்கிறார், குமார்.

அதைவிடக் கொடுமை, அரசாங்கம் வீட்டு பில்லுக்குத் தரும் யூ-சேவ் தள்ளுபடி ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் என்று வருஷத்துக்கு நாலு தடவை அவர் கணக்கில் விழுகிறது, சின்ன வீட்டுக்குக் கூடுதலாகவே விழுகிறது. அவருக்கு அது தெரியாது. பில் மகனுடைய கைப்பேசிக்குப் போகிறது, பணம் மகன் வங்கிக் கணக்கிலிருந்து தானாகக் கழிகிறது. அவர் பில்லைக் கண்ணால் பார்த்தே எத்தனை காலம் ஆயிற்றோ.

நான் இந்த வரிக்கு எதிரி இல்லை, அது உனக்குத் தெரியும். கடல் மட்டம் ஏறினால் நமக்கு ஓட வேறு ஊர் கிடையாது. 2019ல் டன்னுக்கு 5 வெள்ளி என்று ஆரம்பித்தபோதே, இவ்வளவு கொஞ்சமா என்று நாம் இரண்டு பேரும் வாதாடினோம். 2024ல் 25 வெள்ளி, 2026ல் 45. 2030க்குள் 50 முதல் 80 வரை போகலாம் என்று முன்கூட்டியே சொல்லியும் இருக்கிறார்கள். 25 வெள்ளி ஆனபோது நாலறை வீட்டுக்கு மாதம் சுமார் நாலு வெள்ளி கூடும் என்றும் அரசாங்கமே சொன்னது. மறைக்கவில்லை. ஆனால் அதெல்லாம் நாடாளுமன்றத்திலும் செய்தியிலும் இருக்கிறது, பில்லில் இல்லை. பில்லில் மின்கட்டணம் என்று ஒரே தொகை. எரிவாயு விலை எவ்வளவு, கம்பி கேபிள் செலவு எவ்வளவு, வரி எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க அக்காவால் முடியுமா? என்னாலேயே முடியவில்லை.

இதையும் கேள். 2022 ஜூலையில் உக்ரேன் போர் நடந்தபோது யூனிட் விலை 30 காசைத் தாண்டியது. அப்போது வரி வெறும் 5 வெள்ளி. 2024 ஜனவரியில் வரி 25 ஆனபோது விலை 29.79 காசு. ஆக, பில்லை ஆட்டிவைப்பது எரிவாயுதான். ஆனால் திட்டு வாங்குவது வரி. வசிப்போர் கூட்டத்தில் இதைச் சொன்னேன், பாலா அண்ணன் பாதியிலேயே எழுந்து போய்விட்டார்.

கூட்டம் சூடாகக் காரணம் வீட்டு பில் மட்டும் இல்லை, நகர மன்றத்துக்குக் கட்டும் சேவை, பராமரிப்புக் கட்டணம். லிஃப்ட், காரிடார் விளக்கு, தண்ணீரை மாடித் தொட்டிக்கு ஏற்றும் பம்ப், எல்லாம் அந்தக் கணக்கில் ஓடுகிறது. யூ-சேவ் வீடுகளுக்குத்தான், லிஃப்டுக்குக் கிடையாது. அரசு மானியம் உண்டு என்றாலும் மிச்சம் நம் தலையில்தான். அக்கா வீட்டு விளக்கை அணைத்துவிட்டு காரிடாரில் படித்தாரே, அந்த விளக்குக்கும் அவர்தானே கட்டணம் கட்டுகிறார்! 2023லும் 2024லும் பல நகர மன்றங்கள் கட்டணத்தை ஏற்றின. துப்புரவு ஊழியர் சம்பளம் கூடியது, மின்சாரம் கூடியது. சம்பளம் கூடியதை நான் முழு மனதோடு வரவேற்கிறேன், கூடத்தான் வேண்டும். ஆனால் கூட்டத்தில் பாதிப் பேர் அந்த ஏற்றம் முழுக்கக் கரிம வரியால் வந்தது என்று அடித்துச் சொல்கிறார்கள்.

மொட்டை மாடியில் சூரியத் தகடு போட்டிருக்கிறார்கள், அரசாங்கம் 2014ல் தொடங்கிய சோலார்நோவா திட்டம்தான். பகலில் லிஃப்டும் பம்பும் அந்த மின்சாரத்தில் ஓடுகின்றன. அந்த அளவுக்கு வெளியிலிருந்து வாங்க வேண்டாம், வரியும் இல்லை. இதனால் எங்கள் புளோக்குக்கு மாதம் எவ்வளவு மிச்சம் என்று லிஃப்ட் பக்கத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டினால் என்ன? டெங்கிக்கு ஒட்டுகிறார்களே!

உன் ஊர்க் கதை எனக்கு ஞாபகம் வந்தது. 2012 ஜூலையில் ஆஸ்திரேலியாவில் டன்னுக்கு 23 டாலர் போட்டார்கள். வீட்டுக்கு வாரம் 9.90 டாலர் செலவு, சராசரியாக 10.10 டாலர் உதவி என்று கருவூலம் கணக்குச் சொன்னது. நீயோ பக்கம் பக்கமாகத் திட்டி எனக்கு எழுதினாய், உதவி வந்ததைப் பற்றி மூச்சு விடவில்லை! 2014ல் வரியையே எடுத்துவிட்டார்கள். அங்கேயும் அதே 25,000 டன் கணக்குதான், பெரிய குப்பைமேடு வைத்திருந்த நகராட்சிகள் மாட்டிக்கொண்டன. குப்பை பல வருஷம் வாயு விடும் என்பதால், பிற்காலத்தில் கட்ட வேண்டிய வரிக்கும் சேர்த்து முன்கூட்டியே குப்பைக் கட்டணத்தில் வசூலித்தார்கள், அப்புறம் வரியே போய்விட்டது. இங்கே குப்பையை எரித்துச் சாம்பலை செமாக்காவ் தீவுக்கு அனுப்புகிறோம், அந்தத் தலைவலி நகர மன்றத்துக்கு இல்லை.

அந்தப் பணத்தை உங்கள் நகராட்சி என்ன செய்தது என்று எழுது. அப்புறம், அந்தக் காலத்து கரண்ட் பில் ஏதாவது வைத்திருக்கிறாயா? கரிம வரியால் எவ்வளவு கூடுகிறது என்று நியூ சவுத் வேல்ஸ் அரசு பில்லிலேயே ஒரு குறிப்பு அச்சிட வைத்ததே, அந்த பில். அவர்கள் அதை அரசியலுக்காகச் செய்தார்கள், நான் அதை ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் வரியும் தள்ளுபடியும் பக்கத்தில் பக்கத்தில் தெரிகிற மாதிரி ஒரு பில் வேண்டும் என்று எங்கள் நாடாளுமன்ற உறுப்பினரைப் பார்த்துக் கேட்கப்போகிறேன், தமிழிலும் வேண்டும் என்று. கையில் ஒரு மாதிரி இருந்தால் பேச வசதி. படம் எடுத்து அனுப்பினால் போதும், அடுத்த மக்கள் சந்திப்புக்கு முன்னால் அனுப்பு. லதாவுக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பைச் சொல்.

உன்,
ரவி