நோட்டீஸ் கிடைத்தது

ஏற்காடு

அன்புள்ள பாப்பாவுக்கு,

சேலம் மாநகராட்சியில் கவுன்சிலர் தேர்தலுக்கு நிற்க நீ எழுதி, அச்சுக்குப் போகும் முன் பார்த்துத் தரச்சொல்லிக் கொடுத்தனுப்பிய நோட்டீஸைப் பெரியவன் கொண்டுவந்து கொடுத்தான். எழுத்துப் பிழை அதிகம் இல்லை. இருந்தவற்றைச் சிவப்பு மையால் சுழித்திருக்கிறேன். அதற்கு மேல் சொல்லவேண்டியவை ஓரத்தில் அடங்கவில்லை. போனில் பேசலாம் என்றால், எல்லாம் நன்றாக இருக்கிறது என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறாய்.

தண்ணீரை முதலில் வைத்தது சரி. "குடிநீர்க் குழாயில் மோட்டார் வைத்து உறிஞ்சுவதை நிறுத்தப் பாடுபடுவேன், என் வீட்டிலிருந்தே தொடங்குவேன்" என்ற வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அந்த வரியை எழுத எவ்வளவு துணிவு வேண்டும் என்று, தெருக்களுக்குக் குடிநீர் வால்வு திறந்துவிடும் வேலையில் வயிறு வளர்த்த எனக்குத் தெரியும். மேட்டூரிலிருந்து வரும் தண்ணீர் மேல்நிலைத் தொட்டிக்கு ஏறி, அங்கிருந்து தெருவுக்கு இறங்குவதற்குள் பாதி அழுத்தம் போய்விடுகிறது. தெருமுனையில் ஒருவர் மோட்டாரைப் போட்டால் கடைசி வீட்டுக் குழாயில் காற்றுதான் வரும். குழாயில் எங்காவது விரிசல் இருந்தால் பக்கத்துச் சாக்கடையையும் சேர்த்து இழுக்கும். குடத்தோடு நிற்கும் பெண்கள் மோட்டார் வைத்தவரைக் கேட்கமாட்டார்கள், வால்வு திறக்க வருபவனைத்தான் கேட்பார்கள். அதை நான் நிறையக் கேட்டிருக்கிறேன்.

உங்கள் தெருவில் முனை வீடு எது என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். சம்பந்தியம்மா இந்த வரியைப் படித்தார்களா? மாப்பிள்ளைக்குக் காட்டினாயா? வரியை எடுத்துவிடு என்று நான் சொல்லவில்லை. எடுக்கவே எடுக்காதே. வீட்டில் முதலில் சொல்லிவிட்டு அச்சிடு என்கிறேன்.

சொத்து வரியைக் குறைப்பேன் என்று எழுதியிருப்பதை அடித்துவிட்டேன். 2022 ஏப்ரலில் வரி உயர்ந்தபோது, 600 சதுர அடிக்குள் இருக்கும் வீட்டுக்கு 25 சதவீதம், 1,800 சதுர அடியைத் தாண்டினால் 100 சதவீதம் என்று வகுத்தது மாநில அரசு. வார்டு கவுன்சிலர் ஒருவர் அதைக் குறைக்க முடியாது. வீட்டின் அளவு தவறாகப் பதிவாகியிருந்தால் திருத்தி வாங்க மனு எழுதிக் கொடுப்பேன் என்று போடு. அது உன்னால் முடியும். எந்த மனுவானாலும் எழுத்தில் கொடு, தேதி போட்டு நகலில் கையெழுத்து வாங்கிக்கொள். தெரு நாய்களை அடியோடு அகற்றுவேன் என்பதும் அப்படித்தான். தெருவில் பிடித்த நாயைக் கருத்தடை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விடவேண்டும் என்பது 2023ஆம் ஆண்டு விதி. கருத்தடை தவறாமல் நடக்கிறதா என்று பார்ப்பேன் என்று எழுது. கைதட்டல் குறையும், குறையட்டும்.

நெசவாளர் காலை இறக்கி உட்கார்ந்து நெய்யும் தறிக்குழியைப் பற்றி எழுதியிருக்கிறாயே, அந்தப் பத்தி உன் அம்மாவைக் கண்கலங்க வைத்துவிட்டது. அம்மாபேட்டையில் மழை பெய்தால் குழிக்குள் தண்ணீர் ஊறும், பாவு நூல் ஈரம் வாங்கும், குழி காயும்வரை கூலி கிடையாது. அவள் அப்பா வீட்டில் பார்த்தவள். ஆனால் மழைநீர் வடிகாலைத் தூர் வாருவேன் என்பதோடு நிறுத்திவிட்டாய். வீட்டுக் கழிவுநீரை அந்த வடிகாலில் விட்டிருக்கும் இணைப்புகளைப் பாதாளச் சாக்கடைக்கு மாற்றாதவரை எத்தனை முறை தூர் வாரினாலும் பயன் இல்லை. இந்தச் சேர்வராயன் மலையிலிருந்து தெளிவாக இறங்கும் தண்ணீர், திருமணிமுத்தாறு என்ற பெயரோடு ஊருக்குள் நுழைந்ததும் சாக்கடையும் சாயமும் சேர்ந்து, மூக்கைப் பொத்திக்கொண்டு கடக்கும்படி ஆகிவிடுகிறது. அப்படியே நாமக்கல் பக்கம் போய்க் காவிரியில் விழுகிறது. உன் வார்டு வடிகாலில் போவதை, கீழே யாரோ வயலுக்குப் பாய்ச்சுகிறார்கள். இதை மேடையில் சொல். ஓட்டுக்காக இல்லை, சொல்லியே ஆகவேண்டும்.

வார்டு மக்கள் கூடிப் பேசும் பகுதி சபையில் வார்டு வேலைகளின் கணக்கை வைப்பேன் என்ற வரி எனக்கு மிகவும் பிடித்தது. 2016 அக்டோபரிலிருந்து 2022 வரை கவுன்சிலரே இல்லாமல், தெருவிளக்கு எரியவில்லை என்று சொல்லக்கூட ஆள் தெரியாமல் மக்கள் அலைந்தார்கள். 2022இல் பகுதி சபைக்கும் வார்டு கமிட்டிக்கும் விதிகள் வந்தபிறகும், அப்படி ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாது. நகராட்சியாக இருந்த காலத்தில், 1917இல், ராஜாஜி தலைவராக உட்கார்ந்த மன்றம் இது. அங்கே என் மகள் எழுந்து நின்று பேசப்போகிறாள் என்று இங்கே காபி வாங்க வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இன்னொன்று. நோட்டீஸில் உன் பெயருக்குக் கீழே மாப்பிள்ளையின் பெயர் இல்லை. பாதி வார்டுகளைப் பெண்களுக்கு ஒதுக்கிய பிறகும், மனைவி பெயர் சிறிதாகவும் கணவர் படம் பெரிதாகவும் சுவரொட்டி ஒட்டுகிறார்கள். ஜெயித்தபிறகு பேசுவதும் கணவரே. அந்த வழக்கம் வேண்டாம் என்று நீ விட்டிருந்தால், அதைவிட எனக்கு வேறு பெருமை இல்லை. அதற்காகத்தான் விட்டாய் என்றே நினைத்துக்கொள்கிறேன்.

ஆனால் தொடர்பு முகவரியாகக் கிச்சிப்பாளையத்துச் சித்தி வீட்டைப் போட்டிருக்கிறாய். அது உன் வார்டில் இல்லையே, கண்ணு. ஓட்டுக் கேட்கும்போது நீங்கள் எங்கே குடியிருக்கிறீர்கள் என்று யாராவது கேட்டால் என்ன சொல்வாய்? தேர்தல் வேலைக்கு இடம் வேண்டும் என்று போட்டாயா? சித்தியிடம் கேட்டேன். பாப்பாவையே கேளுங்கள் என்று சொல்லிவிட்டாள். அவள் அப்படிப் பேசுகிறவள் இல்லை.

சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு நீயும் குட்டியும் மட்டும் வந்தீர்கள். மாப்பிள்ளைக்குக் கடையில் வேலை என்றாய். நாங்கள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காததை அக்கறை இல்லை என்று எடுத்துக்கொள்ளாதே. அவர் நல்லவர்தான். ஆனால் நம் வீட்டில் நீ யாருக்கும் பயந்து பேசியதில்லை, எங்கும் அப்படிப் பேசவேண்டிய தேவையும் உனக்கு இல்லை. அந்த மோட்டார் வரியால்தான் ஏதாவது என்றால், தப்பு உன் பக்கம் இல்லை. வேறு காரணம் என்றாலும் நான் உன் பக்கம்தான்.

நேரத்துக்குச் சாப்பிடு. வெயிலில் வீடு வீடாகப் போகும்போது தண்ணீர் பாட்டில் எடுத்துக்கொள். எதையும் எழுத்தில் கொடுத்து நகல் வாங்கு. உன்னை முன்மொழிபவர் அதே வார்டின் வாக்காளராக இருக்கவேண்டும், அதற்கும் சித்தி வீட்டு ஆட்கள் உதவமாட்டார்கள். கடைசித் தெருத் தறிக்காரர்களில் ஒருவரைக் கேள், சந்தோஷமாக வருவார்கள். டெபாசிட் பணத்தைப் பெரியவனிடம் கொடுத்திருக்கிறேன், வேண்டாம் என்று திருப்பி அனுப்பாதே.

வேட்புமனுவோடு தரும் பிரமாணப் பத்திரத்தில் கணவர் பெயரில் உள்ள சொத்து, கடன் எல்லாவற்றையும் எழுதவேண்டும். அந்த விவரத்தை மாப்பிள்ளையிடம் நீ கேட்கிறாயா, நான் வந்து கேட்கட்டுமா என்பதை இந்த வாரத்துக்குள் எழுது. கேட்கும் நிலை இல்லை என்றால் அதையும் எழுது. முதல் பஸ்ஸில் இறங்கி வந்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா