ஸ்டாக் இழுக்க வேண்டாம், பேட்டரி இழுக்கட்டும்

அன்புள்ள கதிருக்கு,

நீ அனுப்பிய மூன்று சக்கர ஸ்கூட்டர் வரைபடத்தைப் பார்த்தேன். வயதானவர்கள் ஓட்டும் வண்டிக்கு 300 வாட் ஸ்டாக், அதாவது ஹைட்ரஜனிலிருந்து மின்சாரம் தரும் ஃபியூயல் செல்களின் அடுக்கு, சரியான அளவுதான். அதை நேராக மோட்டார் கன்ட்ரோலரோடு இணைத்திருப்பதை மட்டும் மாற்றிவிடு கண்ணா.

ஃபியூயல் செல் ஆராய்ச்சியாளர் கார்ல் கோர்டெஷ் 1967-லேயே ஹைட்ரசின் ஃபியூயல் செல் மோட்டார் சைக்கிளைக் கட்டினார். அதில் கூடவே நிக்கல்-காட்மியம் பேட்டரியும் வைத்தார். ஹைட்ரசின் நஞ்சு, அதைப் பின்பற்ற வேண்டாம். பேட்டரியைச் சேர்த்த யோசனையை அப்படியே எடுத்துக்கொள்: ஸ்டாக் பேட்டரியை நிரப்பட்டும், பேட்டரி மோட்டாரை இழுக்கட்டும். சமதளத்தில் உன் வண்டி 250 வாட் கேட்கும், சரிவில் கிளம்பும்போது 1000 வாட்டைத் தொடும். அந்தத் திடீர் இழுப்புக்கு ஹைட்ரஜன் ஈடுகொடுக்காது. ஏதோ ஒரு செல்லில் வாயு தீர்ந்து மின்னழுத்தம் தலைகீழாகிவிட்டால், வினையூக்கியைத் தாங்கும் கார்பனே அரித்துப்போகும். அந்தச் செல்லை மீட்க முடியாது.

60 செல் அடுக்கினால் சுமையில்லாதபோது 57 வோல்ட் வரும், முழுச் சுமையில் 36 முதல் 39. எப்போதும் 24 வோல்ட் லித்தியம் பேட்டரிக்கு மேலேயே நிற்பதால், மின்னழுத்தத்தைக் குறைக்கும் கன்வெர்ட்டர் ஒன்று போதும். 80 வோல்ட் உள்ளீடு தாங்குவதாக வாங்கு. மின்னோட்ட வரம்பை உள்ளீட்டுப் பக்கத்தில் 7 ஆம்பியரில் வை. கடையில் விற்கும் கன்வெர்ட்டர்கள் பெரும்பாலும் வெளியீட்டைத்தான் கட்டுப்படுத்தும். ஸ்டாக் பலவீனமாகும்போது அவை இன்னும் அதிகமாக உறிஞ்சி அதைக் கீழே தள்ளிவிடும். இடையில் ஒரு டையோடும் போடு, பேட்டரியிலிருந்து மின்சாரம் திரும்பக்கூடாது. எந்தச் செல்லாவது 0.4 வோல்ட்டுக்குக் கீழே போனால் ஸ்டாக்கின் கன்ட்ரோலர் சுமையைத் துண்டிக்கட்டும்.

அடுத்தது தண்ணீர். ஒரு மணி நேரம் முழுச் சுமையில் ஓடினால் சுமார் 17 கிராம் ஹைட்ரஜன் செலவாகி, 150 மில்லிக்கு மேல் தண்ணீர் உண்டாகும். செல்லின் நடுவில் இருக்கும் மெல்லிய மெம்பரேன் காய்ந்தாலும் கெடுதல், வாயு ஓடும் சேனல்களில் தண்ணீர் தேங்கினாலும் கெடுதல். இரண்டையும் பிரித்தறிய ஒரு வழி உண்டு: தேங்கியதை வெளியே ஊதித் தள்ளும் பர்ஜ் வால்வு திறந்ததும் மின்னழுத்தம் சட்டென்று ஏறினால், தேங்கிய தண்ணீரோ காற்றிலிருந்து கசிந்த நைட்ரஜனோ வெளியேறியிருக்கிறது. பர்ஜ் செய்தும் எல்லாச் செல்களும் ஒன்றாகத் தாழ்ந்தே இருந்தால், பெரும்பாலும் மெம்பரேன் காய்ந்திருக்கிறது. விசிறியின் வேகத்தைக் குறை. விசிறியை எப்போதும் முழு வேகத்தில் விடுவதுதான் புதிதாகக் கட்டுபவர்கள் ஸ்டாக்கைக் காயவைக்கும் முதல் வழி.

350 பார் சிலிண்டர் வேண்டாம் என்று நீ எடுத்த முடிவு நல்லது. ஹைட்ரஜனை உலோகக் கலவைக்குள் உறிஞ்சி வைக்கும் உலோக ஹைட்ரைடு குப்பியில் அழுத்தம் குறைவு, ஆனால் எடை கூடும். லந்தானம்-நிக்கல் கலவை தன் எடையில் சுமார் 1.4 சதவீதம்தான் ஹைட்ரஜனைப் பிடிக்கும். மூன்று மணி நேரத்துக்குக் கலவை மட்டுமே 3.7 கிலோ, உறை தனி. வாயுவை விடும்போது குப்பி குளிர்ந்துகொண்டே போகும், வெளியில் பனி படியும், அழுத்தம் இறங்கும், வண்டி நின்றுவிடும். குப்பி காலியாகிவிட்டது என்று நினைத்துக் கழற்றிவிடாதே. முழுச் சுமையில் அதற்கு 70 வாட் வெப்பம் வேண்டும், ஸ்டாக் 270 வாட்டுக்கு மேல் வீணாக்குகிறது. ஸ்டாக்கின் சூடான காற்று குப்பியின்மேல் பட்டு வெளியேறும்படி தகட்டை வளைத்துவிட்டால் வேலை முடிந்தது.

இருக்கைக்கு அடியில் மூடிய பெட்டி வைத்திருக்கிறாயே, அது எனக்குப் பயமாக இருக்கிறது. காற்றில் 4 சதவீதம் கலந்தாலே ஹைட்ரஜன் தீப்பிடிக்கும், அதற்கு மிகச் சிறிய பொறியே போதும். மேல் விளிம்பில் திறப்பு விடு, சென்சாரையும் அங்கேயே பொருத்து, 1 சதவீதத்தில் ஹைட்ரஜன் வரும் வால்வு மூடும்படி வை. பர்ஜ் குழாயைப் பெட்டிக்கு வெளியே, ஓட்டுபவரின் முகத்துக்கும் மோட்டாருக்கும் விலக்கிக் கொண்டுபோ.

வீட்டில் சார்ஜ் போடும் வசதி உள்ளவருக்கு வெறும் பேட்டரி வண்டியே லாபம், இதை உன் அறிக்கையில் மறைக்காதே. மின்சாரத்தால் ஹைட்ரஜன் செய்து திரும்ப மின்சாரமாக்கினால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் மிஞ்சும். நாள் முழுக்கக் கைமாறி ஓடும் மருத்துவமனை வண்டி, குப்பியை மாற்றிவிட்டு உடனே கிளம்ப வேண்டிய வண்டி, இவற்றுக்குத்தான் உன் வடிவமைப்பு பொருந்தும்.

கன்வெர்ட்டரை மாற்றியதும் 1, 4, 7 ஆம்பியரில் ஒவ்வொரு செல்லின் மின்னழுத்தத்தையும் அளந்து அனுப்பு. ஓரத்துச் செல்கள் மற்றவற்றைவிடக் குளிராக இருக்கும், அங்கேதான் தண்ணீர் முதலில் தேங்கும், அவற்றைத் தனியாகக் குறித்துவிடு.

அன்புடன்,
அம்மா