சைக்கிள் அக்காவின் பேரன்

புதுக்கோட்டை,
ஞாயிறு மதியம்

அன்புள்ள பங்காளி,

திட்டாதே. பொங்கலுக்குப் பிறகு எழுதவில்லைதான். இங்கே எல்லோரும் சுகம், எனக்குச் சர்க்கரை மட்டும் கொஞ்சம் கூட. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

போன வாரம் சைக்கிள் அக்கா வீட்டுக்கே வந்துவிட்டது. பேரன் பிளஸ் டூ பாஸ். மேலே படிக்க மாட்டேன், உங்கள் திருப்பூர் பனியன் கம்பெனிக்குத்தான் போவேன் என்று நிற்கிறானாம். “வாத்தியாரே, நீ சொன்னா கேப்பான்” என்றது. இத்தனை வருஷம் கழித்தும் நான் அதற்கு வாத்தியார்!

போனேன். “வாங்க தாத்தா” என்றான். (சிரிக்காதே, உனக்கும் அதுதான்.) மேசை விசிறியைப் பிரித்துப் போட்டுக் கெப்பாசிட்டர் மாற்றிக்கொண்டிருந்தான். நான் படிப்பின் பெருமையை ஆரம்பித்தேன். காமராஜர், மதிய உணவு எல்லாம் வந்தது. ஸ்குரூவைப் பல்லில் கடித்தபடியே கேட்டான்: “எதிர்வீட்டு அண்ணன் பி.இ. இப்ப சென்னையில வீடு வீடா பிரியாணி கொண்டுபோய்க் குடுக்குது. அதுக்கு எதுக்கு நாலு வருஷம்?”

பதில் வரவில்லை, பங்காளி. டிகிரியை வைத்துக்கொண்டு டீக்கடை பெஞ்சைத் தேய்த்தவர்கள்தானே நாமும்?

1991-ல் பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கிற அறிவொளி இயக்கம் வந்திராவிட்டால் அங்கேயே இருந்திருப்போம். அரிக்கேன் வெளிச்சத்தில், கல்லுடைத்துக் காய்ப்பேறிய விரலில் சாக்பீஸ் நிற்காமல் அக்கா அழுதது ஞாபகமிருக்கிறதா? கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் சைக்கிளையும் பாடத்தோடு சேர்த்தார். லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் அக்கா பார் வைத்த ஆம்பளை சைக்கிளிலேயே ஓட்டிப் பழகி, அந்தப் பாரில் பிள்ளையை உட்காரவைத்துக்கொண்டு குவாரிக்குப் போனது. அந்தப் பிள்ளைதான் இவன் அம்மா. எழுத்தில் பாதியை அக்கா மறந்துவிட்டது. ஆனால் மேஸ்திரியின் நோட்டைப் பிடுங்கி, “என் ரெண்டு நாள் கணக்கு எங்கேய்யா?” என்று கேட்டதே, அது போகவில்லை. நமக்கும் அப்படித்தான். அறிவொளி நாடகத்தில் தாசில்தார் வேஷத்தில் வசனம் மறந்து நீ நின்ற நிலைக்கு, பிற்பாடு யூனியன் மேடையில் பேசுவாய் என்று யார் நினைத்தது? எந்தக் காலேஜ் அதைக் கொடுத்தது?

இந்தப் பையனைப் பன்னிரண்டு வருஷம் உட்காரவைத்திருக்கிறார்கள். விசிறியை எங்கே கற்றாய் என்று கேட்டால், “போன்ல பார்த்து” என்கிறான். வயிற்றெரிச்சலாக இருந்தது.

அரசு ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீசியன் படி என்றேன். இரண்டு வருஷம், ஃபீஸ் இல்லை, மாதம் 750 ரூபாய் உதவித்தொகை. அரசுப் பள்ளிப் பையன் என்பதால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1000 ரூபாயும் வரும். சைக்கிளும் கொடுப்பார்கள் என்றதும் அக்கா வாய்விட்டுச் சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. “திருப்பூர்ல மொத மாசமே சம்பளம்” என்றான். அப்பன் வைத்த கடன் அப்படி. அவனைத் தப்பு சொல்ல முடியவில்லை.

அதனால் வியாழக்கிழமை பஸ்ஸில் உன்னிடம் அனுப்புகிறேன். நாலு நாள் வைத்துக்கொள். பத்து வருஷமாகத் தையல்காரருக்குத் துணி மடித்துக் கொடுக்கிற கைமடி வேலையிலேயே நிற்கிற பையன்களோடும், கம்பெனியில் கரண்ட் வேலை பார்க்கிறவர்களோடும் பேச விடு. பேசிவிட்டு அவனே சொல்லட்டும். நீ அறிவுரை எதுவும் சொல்லாதே. முக்கியமாக, அந்தத் தாசில்தார் குரல் வேண்டவே வேண்டாம்.

காரம் ஆகாது அவனுக்கு. தங்கச்சியிடம் சொல்லிவை.

உன்
பங்காளி