திடலில் எழப்போகும் வீடுகள்

அன்பு மகளே,

பிள்ளைகள் வராமல் பூட்டிக் கிடக்கும் அந்த விளையாட்டுத் திடலில் உன் அலுவலகம் குறைந்த வாடகை வீடுகள் கட்டுவது சரியா என்று கேட்டிருந்தாய். சரிதான். தயங்காமல் கட்டுங்கள். வாடகை ஏற ஏற வீடு மாறி, வீடு மாறும்போதெல்லாம் பள்ளியும் மாறி வளர்ந்தவள் நான். ஒரு குழந்தைக்கு, நாளைக்கும் இதே வீட்டில்தான் இருப்போம் என்ற நம்பிக்கை எவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரியும். பூட்டிக் கிடக்கும் நிலத்தைக் காட்டி, 'பசுமையைக் காப்போம்' என்று வசதியாக வாழ்கிறவர்கள் மட்டும் எதிர்ப்புத் தெரிவிக்கும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது.

ஆனால் நீங்கள் தயாரித்த அறிக்கையை முழுவதும் படித்தேன். திடலின் பரப்பளவு இருக்கிறது, உடைந்த ஊஞ்சல்களின் படம் இருக்கிறது. பிள்ளைகள் ஏன் வருவதை நிறுத்தினார்கள் என்ற கேள்வி மட்டும் எங்கும் இல்லை. ஒரு திடல் ஒரே நாளில் வெறிச்சோடிப் போவதில்லை. முதலில் விளக்கு எரியாமல் போகும், கழிப்பறை பூட்டப்படும். அப்போதே பெண் பிள்ளைகள் விலகிவிடுவார்கள். பக்கத்துச் சாலையை அகலப்படுத்துவார்கள். சிறு பிள்ளைகளைத் தனியாக அனுப்பத் தாய்மார்கள் அஞ்சுவார்கள். இவை எல்லாவற்றுக்கும் மேலே இன்னொரு காரணம் இருக்கலாம்: வாடகை தாங்காமல் குழந்தைகள் உள்ள குடும்பங்களே அந்த வட்டாரத்தை விட்டுப் போயிருக்கலாம். அப்படியானால் யோசித்துப் பார். நீங்கள் குறைந்த வாடகையில் வீடு கட்டியதும் அதே குடும்பங்கள் திரும்பி வரும், பிள்ளைகளோடு வரும். அப்போது அந்தப் பிள்ளைகளுக்கு விளையாட இடம் இருக்காது. கீழே இருக்கப்போவது கார் நிறுத்துமிடம்தான் என்கிறது உன் வரைபடம்.

வீடா, விளையாட்டா என்று மோதவிட வேண்டியதில்லை என்பதை வியன்னா நகரம் ஏறக்குறைய நூறு ஆண்டுகளுக்கு முன்பே காட்டிவிட்டது. 1930இல் திறக்கப்பட்ட கார்ல் மார்க்ஸ் ஹோஃப் ஒரு கிலோமீட்டருக்கும் அதிகமாக நீளும் குடியிருப்பு. ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள். இருந்தும் அந்த நிலத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவான இடத்தில்தான் கட்டடம் நிற்கிறது. மீதி இடம் பெரிய முற்றங்களாகவும் தோட்டங்களாகவும் விடப்பட்டது. மழலையர் பள்ளியும் சலவைக்கூடமும் நூலகமும் உள்ளேயே இருந்தன. தொழிலாளர்களுக்காகக் கட்டிய வீடுகள் அவை.

உங்கள் திடல் அவ்வளவு பெரிதில்லை என்று சொல்வாய். ஆம்ஸ்டர்டாமைப் பார். 1947 முதல் ஆல்டோ வான் ஐக் என்ற கட்டடக் கலைஞர் அங்கே எழுநூறுக்கும் மேற்பட்ட விளையாட்டிடங்களை வடிவமைத்தார். பல, இரண்டு கட்டடங்களுக்கு நடுவே வெறுமையாகக் கிடந்த துண்டு நிலங்கள். ஒரு மணல் குழி, ஏறித் தொங்க இரும்புக் கம்பிகள், தாவிக் குதிக்கச் சில கற்கள். அவ்வளவுதான். வேலியும் கிடையாது. சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தால் பிள்ளை தெரிய வேண்டும், கூப்பிட்டால் காதில் விழ வேண்டும். நாலைந்து மாடிக்கு மேல் போய்விட்டால் அந்தத் தொடர்பு அறுந்துவிடும். பெரிய குடும்பங்களுக்கான வீடுகளைக் கீழ்த்தளங்களில் வை என்று சொல்வது இதற்காகத்தான்.

முற்றம் சரியாக அமைந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். எனக்கு அதைவிடப் பெரிய கவலை நிலத்தைப் பற்றியது. கட்டுமானச் செலவை ஈடுகட்ட நிலத்தில் ஒரு பகுதியைத் தனியாருக்கு விற்பதாக அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. அதற்கு மட்டும் நீ கையெழுத்துப் போடாதே. பிரிட்டனில் 1980ஆம் ஆண்டின் வீட்டுவசதிச் சட்டம் உள்ளாட்சி அமைப்புகள் வாடகைக்கு விட்ட வீடுகளில் குடியிருந்தவர்களுக்கு அவற்றைத் தள்ளுபடி விலையில் வாங்கும் உரிமை தந்தது. வாங்கிய குடும்பங்களுக்கு அது நல்லதாகவே இருந்திருக்கும். ஆனால் விற்ற அளவுக்குப் புதிய வீடுகள் கட்டப்படவில்லை. அந்த வீடுகளில் கணிசமானவை பிறகு தனியார் உரிமையாளர்கள் கைக்குப் போய், கூடுதல் வாடகைக்கு விடப்படுகின்றன. முதல் தலைமுறைக்கு மலிவாகக் கிடைத்தது அடுத்த தலைமுறைக்கு எட்டாமல் போய்விட்டது.

வேறு வழி இருக்கிறது. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் 1969இல் கறுப்பின விவசாயிகளுக்காகத் தொடங்கப்பட்ட சமூக நில அறக்கட்டளை முறையைப் படித்துப் பார். நிலம் என்றும் அறக்கட்டளைக்குச் சொந்தம்; குடியிருப்பவர் நீண்டகாலக் குத்தகையில் வீட்டை மட்டும் வைத்திருப்பார். இன்று இந்த முறையில் இயங்கும் பல இடங்களில், விற்கும்போதும் முன்பே ஒப்புக்கொண்ட கணக்குப்படிதான் விலை. நாற்பது ஆண்டுகள் கழித்து வருகிற குடும்பத்துக்கும் அந்த வீடு கட்டுப்படியாகும். உங்கள் திடலுக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை. பிள்ளைகளுக்கென்று ஒதுக்கிய நிலத்தை எடுக்கிறீர்கள். அது யாருடைய லாபத்துக்கும் போய்விடக் கூடாது அல்லவா?

இன்னொன்று. தோண்டுவதற்கு முன் மண்ணைப் பரிசோதியுங்கள். பழைய விளையாட்டுச் சாதனங்களின் பெயின்டில் ஈயம் இருந்திருக்கலாம். ஈயம் கலந்த பெட்ரோல் ஓடிய காலத்தில் சாலையோர மண்ணிலும் அது படிந்திருக்கும். மண்ணில் சேர்ந்த ஈயம் தானாகப் போவதில்லை. கைக்குழந்தைகள் தவழப்போகிற இடம் அது. திடலில் நிற்கும் பெரிய மரங்களையும் வரைபடத்தில் குறித்து வை. குறிக்காத மரத்தை ஒப்பந்தக்காரர் முதல் வாரத்திலேயே வெட்டிவிடுவார்.

கருத்துக்கேட்புக் கூட்டத்தைப் பள்ளி முடிகிற நேரத்தில் வைத்துப் பாரேன். பிள்ளைகளும் வந்து பேசட்டும். விளையாடும் உரிமையை 1989ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கை 31ஆவது பிரிவில் எழுதி வைத்திருக்கிறது. தங்களைப் பாதிக்கும் விஷயங்களில் பிள்ளைகள் கருத்துச் சொல்வதையும் அதே உடன்படிக்கை ஏற்கிறது. உன் மேலதிகாரி முணுமுணுத்தால் இதைச் சொல்.

குத்தகைப் பத்திரத்தின் வரைவு கிடைத்தால் அனுப்பு. அப்பா பத்திரங்களோடு காலம் கழித்தவர், எந்த வரியில் ஓட்டை இருக்கிறது என்று பார்த்துச் சொல்வார். மண் பரிசோதனை முடிவையும் மறக்காமல் எழுது.

அன்புடன்,
அம்மா