ஏலக்கூடத்துச் சாவியைக் கொடுங்கள்: பேரூராட்சிக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பேரூராட்சித் தலைவர், செயல் அலுவலர், வார்டு உறுப்பினர்கள் அனைவருக்கும்,

வணக்கம்.

கடற்கரையில் இருக்கும் பழைய மீன் ஏலக்கூடத்துக்கு நீங்கள் பூட்டுப் போட்ட கதையை முதலில் இருந்து சொல்லப் போவதில்லை. திறக்கச் சொல்லி மனு கொடுத்தோம், ரசீது வாங்கினோம், பரிசீலனையில் உள்ளது என்று பதில் வந்தது, அப்புறம் தலைவர் அவர்களை வீட்டிலேயே வந்து பார்த்தோம். காப்பி கொடுத்து, பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பினீர்கள். எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். உங்களுக்குத் தெரியாதது கல்லறைத் திருநாள் ராத்திரி எங்கள் தெருவில் நடந்தது. அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

நவம்பர் 2. சாயங்காலம் கல்லறைத் தோட்டத்தில் மெழுகுதிரி கொளுத்தி, பூசை முடிந்து திரும்பும்போதே மழை பிடித்துக்கொண்டது. அன்றைக்கு எந்த வீட்டிலும் தனியாக உலை வைப்பதில்லை என்பது ஊரறிந்த வழக்கம். சென்னையில், மும்பையில் இருப்பவர்கள், கப்பல் வேலையில் லீவு கிடைத்தவர்கள் என்று வர முடிந்தவர்கள் எல்லாம் வந்திருப்பார்கள். வீட்டுக்கு இவ்வளவு அரிசி, தேங்காய், வத்தல், புளி என்று கொண்டுவந்து கொட்டுவோம். ஏலக்கூடத்தில் பெரிய வார்ப்புப் பாத்திரம் ஏற்றிப் பொதுவாகச் சமைத்து, அங்கேயே பாய் விரித்துச் சாப்பிடுவோம். இந்த வருடம் கூடம் பூட்டிக் கிடந்தது. வேறு வழியில்லாமல் தெருவின் குறுக்கே தார்ப்பாய் கட்டினோம். ஒரு முனை ஜன்னல் கம்பியில், ஒரு முனை பக்கத்து வீட்டுத் தூணில், மற்ற இரண்டும் ஊன்றிய கம்பில். அதன் கீழேதான் அடுப்பு.

தார்ப்பாயில் தண்ணீர் தேங்கிக்கொண்டே இருந்தது. எழுபது வயது தாண்டிய ஓர் ஆச்சி, உட்காருங்கள் என்றாலும் கேட்காமல், கம்பால் அதை மேலே தள்ளித் தள்ளி வடித்துக்கொண்டு நின்றார். சோறு முக்கால் பதம் வந்திருக்கும். அந்த நேரம் பார்த்துத் தூண் பக்கத்து முடிச்சு அவிழ்ந்தது. தேங்கியிருந்த அவ்வளவு தண்ணீரும் வார்ப்புக்குள். அது கருவாடு மூடுகிற தார்ப்பாய். அந்தத் தண்ணீர் எப்படி இருந்திருக்கும் என்று நான் எழுத வேண்டியதில்லை. வார்ப்பில் இருந்து தெறித்த கொதிகஞ்சி எங்கள் மைனி ஒருவரின் காலில் பட்டுக் கொப்புளம் கண்டுவிட்டது. நெருப்பு அணைந்து, புகை கிளம்பி, பிள்ளைகள் அழ, வந்திருந்த மருமக்கள் என்ன செய்வதென்று தெரியாமல் குடையோடு நின்றார்கள். ஊர் முழுக்க அரிசி கொடுத்த சோற்றை அப்படியே சாக்கடையில் கொட்டினோம். கொட்டும்போது யாரும் பேசவில்லை. மூடிவைத்திருந்ததால் குழம்பு தப்பித்தது. கடையில் பன் வாங்கி வந்து அதைத் தொட்டுக்கொண்டு சாப்பிட்டோம். செத்துப்போனவர்களை நினைத்து ஒன்றாக உண்கிற நாளில் மீன் குழம்புக்குப் பன்.

நாங்கள் நின்ற இடத்தில் இருந்து கூப்பிடு தூரத்தில்தான் ஏலக்கூடம். கம்பிக் கதவு வழியாகப் பார்த்தோம். தரை சொட்டு நனையாமல் கிடந்தது. உள்ளே விளக்கு கூட எரிந்தது. நடைபாதைக்கு வாங்கி மிச்சமான டைல்ஸ் பெட்டிகளும், செல்ஃபி பலகைக்குச் செய்து அளவு சரியில்லாமல் போன இரண்டு பெரிய எழுத்துகளும் சுவரில் சாய்ந்து பத்திரமாக இருந்தன.

ஐயா, அம்மா, சாவியைக் கொடுங்கள். கேட்பது அவ்வளவுதான்.

இது வருடத்துக்கு ஒரு நாள் சமாச்சாரம் என்று உங்களில் ஒருவர் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அதற்குத் தொடக்கம் உண்டு, முடிவு உண்டு, நிவாரணம் உண்டு, பேப்பரில் செய்தி உண்டு. ஐப்பசி, கார்த்திகைக்கு அப்படி எதுவும் கிடையாது. வாடை விழுந்து கடல் கலங்கிவிட்டால் நாட்டுப்படகும் கரையில், விசைப்படகும் கரையில். துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றிவிட்டால் கேட்கவே வேண்டாம். நாளைக்குப் போகலாமா என்று ஒவ்வொரு ராத்திரியும் வானத்தையும் போனையும் மாறி மாறிப் பார்ப்பதுதான் வேலை. மீன்பாடு குறைந்த காலத்துக்கு அரசு பணம் தருகிறது, இல்லை என்று சொல்லவில்லை. சேமிப்பு நிவாரணத் திட்டத்தில் நாங்கள் 1,500 ரூபாய் கட்டினால் மத்திய அரசும் மாநில அரசும் தலைக்கு 1,500 போட்டு 4,500 ஆகத் தருகிறார்கள். அது கடைக்காரர் கடனுக்குச் சரியாகப் போய்விடும். சாப்பாட்டுக்கு வழி செய்வது கூடம்தான்.

எப்படி என்று கேட்டால், காற்று கொஞ்சம் ஓய்ந்த நாளில் நாலு படகு துணிந்து போய்வரும். வருகிறதை ஏலம் போட்டால் நாலு வீட்டுக்குக் காசு. அதில் இருந்து எடுத்துவைக்கிற கறிமீனைக் கூடத்தில் ஒன்றாகப் போட்டுக் காய்ச்சினால் தெருவுக்கே குழம்பு. காரலோ சாளையோ நண்டோ, அன்றைக்குக் கிடைத்தது. ஆள் இல்லாத வீடு, படகு இல்லாத வீடு, புருசனைக் கடலுக்குக் கொடுத்த வீடு எல்லாம் அந்தக் குழம்பில் வந்துவிடும். யாரும் யாரிடமும் போய்க் கேட்டு நிற்க வேண்டாம், பாத்திரத்தோடு வந்து உட்கார்ந்தால் போதும். பிள்ளை பெற்றவள் இருந்தால் முதலில் அவளுக்குப் பால்சுறாப் புட்டு தனியாக எடுத்து வைத்துவிட்டுத்தான் மற்ற வேலை. தலைவர் அவர்களே, பிறந்தது மேட்டுத்தெருவாக இருந்தாலும் உங்கள் அம்மா வழியில் நீங்களும் எங்கள் கடற்கரைத் தெரு ஆள்தான். கூடத்துச் சோறு தின்னாமல் வளர்ந்திருக்க மாட்டீர்கள்.

இன்னொன்றும் உண்டு. மற்ற மாதங்களில் எங்கள் வீட்டு ஆண்கள் நடுச்சாமத்தில் எழுந்து போவார்கள், பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது தூங்கிக்கொண்டிருப்பார்கள். அப்பா முழித்திருப்பதைப் பிள்ளைகள் பார்க்கிற மாதங்கள் இவைதான். கூடத்தில் ஒரு பக்கம் அடுப்பு எரியும், ஒரு பக்கம் பெரியவர்கள் கிழிந்த வலையை விரித்துப்போட்டுப் பொத்துவார்கள், பையன்கள் பக்கத்தில் உட்கார்ந்து ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தே பழகிக்கொள்வார்கள். அக்டோபர் செபமாலை மாதத்தில் வீடு வீடாகச் செபம் முடிந்ததும் சுண்டலோடு எல்லோரும் வந்து சேர்கிற இடமும் அதுதான். கல்யாணப் பேச்சும் அங்கேதான் தொடங்கும், பழைய சண்டையும் அங்கேதான் தீரும். இந்த அக்டோபரில் அவரவர் வீட்டில் அவரவர் டிவி பார்த்தோம்.

பூட்டுக்கு நீங்கள் சொன்ன காரணங்களையும் பார்த்துவிடலாம். நெருப்பு ஆபத்து என்றீர்கள். சிமெண்டுத் தரை, கான்கிரீட் கூரை, நாலு பக்கமும் திறப்பு உள்ள கூடத்தில் ஆபத்தாம். வீட்டு வாசலில், ஓலைத் தட்டிக்கும் மின்கம்பிக்கும் நடுவில் தார்ப்பாய்க்குக் கீழே எரிந்தால் ஆபத்து இல்லையாம். கடலோர ஒழுங்குமுறை விதி இடம் தரவில்லை என்றார் பொறியாளர். 2011-ஆம் ஆண்டு அறிவிக்கையில் மீனவ மக்களுக்கு வேண்டிய வசதிகள் என்று மீன் உலர்த்தும் களம், ஏலக்கூடம், வலை பொத்தும் இடம் எல்லாம் பெயர் சொல்லியே வருகின்றன. அப்புறம் நாங்கள் புதிதாக எதையும் கட்டச் சொல்லவில்லையே, கட்டியிருப்பதைத் திறக்கச் சொல்கிறோம். மூன்றாவது காரணம் கடற்கரையை அழகுபடுத்தும் பணி. அது பற்றி நான் வாயைத் திறக்க வேண்டாம் என்றுதான் நினைத்தேன்.

ஆனால் போன மாதம் நீங்கள் நடத்திய கடல் உணவுத் திருவிழாவைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பந்தல் நன்றாக இருந்தது. விளக்கு நன்றாக இருந்தது. நுழைவாயிலில் "பாரம்பரிய மீனவர் உணவு" என்று பெரிய பேனர், அதில் எங்கள் தெரு அக்கா ஒருவர் மீன் கழுவுகிற படம். அவரைக் கேட்டு எடுத்ததில்லை, போகட்டும், படம் அழகாகத்தான் விழுந்திருந்தது. அதே அக்கா சுறாப்புட்டும் கணவாய்த் தொக்கும் போட ஒரு கடை கேட்டபோது வாடகையைச் சொல்லி நீங்கள் அனுப்பிவைத்தீர்கள். கடைசியில் பாரம்பரிய மீனவர் உணவாக வந்தவர்களுக்குக் கிடைத்தது சில்லி காலிஃபிளவரும், ஐஸ் பெட்டியில் வெளியூரில் இருந்து வந்த மீன் வறுவலும். கடலுக்கு நேர் எதிரில் உட்கார்ந்து வெளியூர் மீனைத் தின்ன வைத்த சாமர்த்தியத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அந்த ராத்திரிகளில் ஏலக்கூடம் திறந்திருந்தது என்பதையும் கவனித்தோம். ஜெனரேட்டர் வைக்க.

பருவமழை முன்னெச்சரிக்கைக் கூட்டம் நடத்தினீர்கள், படமும் வந்தது. மணல் மூட்டை தயார், படகு தயார், மருந்து தயார் என்று படித்தோம். கிழக்குத் தெரு வாய்க்கால் இன்னும் தூர்வாரவில்லை, கொசுவுக்குப் புகை அடித்தது வார்டு எல்லையோடு நின்றுவிட்டது, கடற்கரைத் தெரு குழாயில் மூன்றாம் நாள் வரும் தண்ணீர் ஐந்தாம் நாளுக்குப் போய்விட்டது. சரி, அதையெல்லாம் இதோடு சேர்த்தால் இதுவும் பரிசீலனைக்குப் போய்விடும். கூடத்துக்கு வருகிறேன்.

அந்தக் கூட்டத்தில் யாராவது 2023 டிசம்பரை நினைத்தீர்களா? ஒரே நாளில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை. ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் திருச்செந்தூர் ரயில் வெள்ளத்துக்கு நடுவே நின்றபோது, உள்ளே மாட்டிக்கொண்ட நூற்றுக்கணக்கான பேருக்கு முதலில் சோறு போட்டது பக்கத்துப் புதுக்குடி ஊர் மக்கள். ஹெலிகாப்டர் அப்புறம்தான் வந்தது. அவர்கள் கையில் இருந்த அரிசியைப் பொதுவில் போட்டுச் சமைக்கத் தெரிந்திருந்தது, சமைக்க மழை படாத இடமும் இருந்தது. எங்கள் ஊரிலும் அந்த நாட்களில் கூடத்தில்தான் அடுப்பு எரிந்தது, அங்கே வந்து சாப்பிட்டவர்களில் பேரூராட்சி ஊழியர்களும் உண்டு. அடுத்த வெள்ளத்துக்கும் சமைக்க ஆட்கள் தயார். இடம் பூட்டியிருக்கிறது.

கோபத்தில் கொஞ்சம் நீண்டுவிட்டது. மன்னிக்கவும். கேட்க வந்ததை முறையாகவே கேட்கிறேன்.

ஏலக்கூடத்துச் சாவியை இந்த மழைக்காலம் முடியும் வரையாவது எங்கள் தெரு மகளிர் குழுவிடம் கொடுங்கள். டைல்ஸ் பெட்டிகளை ஒரு மூலையில் நாங்களே அடுக்கிக் கொடுக்கிறோம், ஒன்று உடைந்தாலும் எங்கள் பொறுப்பு. விறகு வேண்டாம் என்றால் கேஸ் அடுப்பு வைத்துக்கொள்கிறோம். மணல் வாளி வைக்கச் சொன்னால் வைக்கிறோம், கடற்கரையில் மணலுக்கா பஞ்சம். கரண்டு பில் குழுக் கணக்கில் கட்டுகிறோம். சமைத்த இடத்தை அன்றன்றைக்கே கழுவிவிடுவோம். இதற்குமுன் கழுவியதும் நாங்கள்தான், கூடத்துக்குத் துப்புரவு ஆள் வந்து நாங்கள் பார்த்ததில்லை. அழகுபடுத்தும் பணிக்குப் பொருள் வைக்க இடம் வேண்டும் என்றால் சமுதாயக் கூடத்தின் பின்கட்டு காலியாக இருக்கிறது, அதற்கும் சாவி உங்களிடம்தான்.

அடுத்த மன்றக் கூட்டத்தில் இதைத் தீர்மானமாக வைக்க வேண்டும் என்று பெண் உறுப்பினர்களிடம் தனியாகக் கேட்டுக்கொள்கிறேன். உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு என்று சட்டம் வந்ததால் நீங்கள் அங்கே இருக்கிறீர்கள். மழையில் நூறு பேருக்கு உலை வைப்பது என்றால் என்ன என்று உங்கள் பக்கத்து நாற்காலிக்காரருக்கு நீங்கள்தான் எடுத்துச் சொல்ல முடியும். கூட்டம் தள்ளிப்போகும் என்றால் தலைவர் அவர்கள் முன் அனுமதியாக இப்போதே திறந்துவிடலாம், பின்னால் மன்றத்தில் வைத்துக்கொள்ளலாம். திருவிழாவுக்கு ஜெனரேட்டர் வைக்க அப்படித்தான் திறந்தீர்கள்.

வங்கக் கடலில் அடுத்த காற்றழுத்தத் தாழ்வு வரும் என்று சொல்லத் தொடங்கிவிட்டார்கள். சாவியை அலுவலகத்தில் யாரிடம் வாங்க வேண்டும் என்று மட்டும் சொல்லி அனுப்புங்கள். ஞாயிற்றுக்கிழமை முதல் பூசை முடிந்ததும் வந்து கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்கிறோம். அலுவலகம் லீவு என்றால் தலைவர் வீட்டுக்கே வருகிறோம். இந்தத் தடவை காப்பி வேண்டாம்.

இப்படிக்கு,
கடற்கரைத் தெருப் பெண்கள் சார்பாக,
அந்தத் தெருவில் வாழ்க்கைப்பட்ட ஒருத்தி